சக்கரம் சுற்றினால் சைலன்சரை மாற்றுவதா?

மோட்டோகிராஸ் தடத்தில் ஒரு வளைவின் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். இரண்டு 250 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் வளைவை விட்டு வெளியே வருகின்றன. முதல் வண்டி காதைக் கிழிக்கிறது. பின்சக்கரம் மண்ணை ஆளுயரத்துக்கு வாரி இறைக்கிறது, வால் இடமும் வலமும் ஆடுகிறது. இரண்டாவது வண்டியின் சத்தம் மந்தமாக இருக்கிறது, ஒரு கியர் அதிகமாகப் போட்டு ஓட்டுவது போலத் தெரிகிறது. மண்ணும் பெரிதாகப் பறக்கவில்லை. ஆனால் அடுத்த மேட்டை இரண்டாவது வண்டிதான் முதலில் தொடுகிறது!

காதை நம்பினால் முதல் வண்டி வேகம். கடிகாரத்தை நம்பினால் இரண்டாவது வண்டி வேகம். வேடிக்கை என்னவென்றால், பந்தயம் முடிந்ததும் கடைக்குப் போய் காசைக் கொட்டுவது முதல் வண்டிக்காரன்தான். எதற்காக? இன்னும் சத்தமான ஒரு பைப்புக்காக! குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறிக்கிற குதிரைக்கு மேலும் இரண்டு குதிரையைக் கூட்டிக் கட்டுகிறார்கள்.

பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றுவது ஒரு நோய். அந்த நோய்க்குக் கூடுதல் குதிரைத்திறனை மருந்தாகக் கொடுப்பது எந்த ஊர் வைத்தியம்? உலகம் முழுவதும் மோட்டோகிராஸ் பழகும் இளைஞர்களிடம் இந்த வைத்தியம்தான் விற்பனையாகிறது. பைப், ரீட் வால்வு, போர்ட்டிங், பெரிய சிலிண்டர் என்று வரிசையாக வாங்கி மாட்டிவிட்டு, கடைசியில் "இந்த வண்டிக்கு கிரிப்பே இல்லை" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 100 கிலோ, கவசங்களோடு ஓட்டுபவர் 80 கிலோ. மொத்தம் 180 கிலோ. ஆக்சிலேட்டரைத் திருகும்போது எடை பின்னால் சாயும். முழு எடையும் பின்சக்கரத்தின் மேலேயே வந்துவிட்டது என்றே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் பிடிமானக் குணகம் ஒரு பேச்சுக்கு 0.7. அப்படியானால் மண் ஏற்றுக்கொள்ளக்கூடிய அதிகபட்ச உந்துவிசை 180 x 9.8 x 0.7, அதாவது சுமார் 1,235 நியூட்டன்.

இப்போது இன்ஜினைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் 250 சிசி டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி சுமார் 45 குதிரைத்திறன் தரும். அதாவது 33.5 கிலோவாட். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 15 மீட்டரில், அந்தத் திறன் முழுவதும் சக்கரத்துக்கு வந்தால் உந்துவிசை 2,230 நியூட்டனைத் தாண்டும். மண் வாங்கிக்கொள்வது 1,235. மீதி எங்கே போகும்? பின்னால் வருபவன் முகத்துக்கு, மண்ணாக!

இதே கணக்கின்படி, 45 குதிரைத்திறனையும் மண் முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டுமானால் வண்டி மணிக்குக் கிட்டத்தட்ட 98 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். மோட்டோகிராஸ் தடங்களின் சராசரி வேகமோ 50, 60 கி.மீ. அளவில்தான். பட்டன் டயர் மண்ணை வெறுமனே உரசுவதில்லை, வெட்டிப் பிடிக்கிறது என்பதால் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் சொல்லும் சேதி மாறாது. வளைவை விட்டு வெளியே வரும் இடத்தில் வண்டிக்குப் பற்றாக்குறையாக இருப்பது குதிரைத்திறன் அல்ல. பற்றாக்குறை மண்ணுக்கும் டயருக்கும் நடுவில் இருக்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் பானையை அடைக்க வேண்டுமா, குழாயைப் பெரிதாக்க வேண்டுமா?

பைப் என்ன செய்கிறது?

டூ-ஸ்ட்ரோக் வண்டியின் வயிறு பெருத்த அந்தப் புகைக்குழாய் சும்மா புகையை வெளியேற்றும் குழாய் அல்ல. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த கலை அது. வெளியேறும் புகையோடு கிளம்பும் அழுத்த அலை, குழாயின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பி வந்து, சிலிண்டரை விட்டுத் தப்பி ஓடப் பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையைத் திரும்ப உள்ளே தள்ளும். கம்ப்ரஸர் இல்லாமலேயே கம்ப்ரஸர் வேலை. அற்புதமான யோசனைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த அலை சரியான நேரத்துக்குத் திரும்பி வருவது குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டுமே. அதற்குக் கீழே இன்ஜின் தூங்கி வழியும். அந்த எல்லையைத் தொட்டதும் சட்டென்று விழித்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இந்த 'பிடிக்கும்' கணம் தெரியும். மோட்டோகிராஸ் வண்டியில் அது பல மடங்கு. பிரச்சினையே இந்த 'சட்டென்று'தான். கொஞ்சம் கொஞ்சமாக வரும் விசையை டயர் தாங்கிக்கொள்ளும். திடீரென்று விழும் அடியில் பட்டன்கள் மண்ணைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை சுற்ற ஆரம்பித்த சக்கரம் தானாகத் திரும்பப் பிடிப்பதும் கடினம். உச்சத் திறனுக்காகச் செய்யப்பட்ட பைப் பல நேரங்களில் இந்த அடியை இன்னும் கூர்மையாக்கி, இன்னும் குறுகிய எல்லைக்குள் தள்ளுகிறது. காசு கொடுத்து நோயை முற்ற வைப்பது என்றால் இதுதான்.

வரலாறு என்ன சொல்கிறது?

மோட்டோகிராஸ் வரலாற்றில் பின்சக்கரப் பிடிமானத்துக்குக் கிடைத்த பெரிய பாய்ச்சல் எது தெரியுமா? அது இன்ஜினில் இருந்து வரவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ், பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக, சட்டத்துக்குள் படுத்த மாதிரி ஒரே ஒரு ஷாக் அப்சார்பர் வைக்கும் யோசனையோடு வந்தார். யமஹா அதை வாங்கிக்கொண்டது. 1973-ல் ஸ்வீடன் வீரர் ஹாகன் ஆண்டர்சன் அந்த வண்டியில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அதற்குப் பிறகு எல்லா நிறுவனங்களும் நீண்ட சஸ்பென்ஷன் பக்கம் ஓடின. அதுவரை 100 மி.மீ. சுற்றி இருந்த பின்சக்கர அசைவு, சில ஆண்டுகளிலேயே 300 மி.மீ. அளவுக்கு வளர்ந்தது. ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் வண்டிகள் வேகமாயின. காரணம் எளிமையானது. சக்கரம் தரையில் இருக்கும் நேரம் கூடியது. காற்றில் தொங்கும் சக்கரத்துக்கு ஏது பிடிமானம்?

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 500 சிசி டூ-ஸ்ட்ரோக்குகள். 250-ஐப் போல இருமடங்கு கொள்ளளவு, கையை முறுக்கினால் கையைப் பிடுங்கும் விசை. ஆனாலும் அவற்றால் 250-ஐ ஓரங்கட்ட முடிந்ததா? இல்லை. அமெரிக்காவின் தேசிய 500 சிசி மோட்டோகிராஸ் பிரிவு 1993-ஓடு முடிந்துபோனது. ஹோண்டா சிஆர்500ஆர் 2001-ஓடு நின்றது. அதிக திறன்தான் விடை என்றால், இன்று தடமெல்லாம் 500 டூ-ஸ்ட்ரோக் அல்லவா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்?

கூடம் கோணல் என்பவர்கள்

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "டூ-ஸ்ட்ரோக் என்றாலே அப்படித்தான், பிடிமானம் வேண்டுமென்றால் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

இவர்கள் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கிறது. 8,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 133 அடி. ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 67 அடி. அடிகளுக்கு இடையே டயருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது என்பது ஒரு விளக்கம். தார்ச்சாலைப் பந்தயத்தில் ஹோண்டா 1992-ல் தன் என்எஸ்ஆர்500 டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் நான்கு சிலிண்டர்களையும் ஏறக்குறைய 70 டிகிரி சுழற்சிக்குள் அடுத்தடுத்து வெடிக்க வைத்து, மீதிச் சுற்றில் டயருக்கு ஓய்வு கொடுத்தது. ஓட்டுபவர்களுக்கு வண்டி கைக்குள் வந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே ஹோண்டாவின் மிக் டூஹன் 1997-ல் பழைய பாணி வெடிப்பு வரிசைக்கே திரும்பிப் போய், அந்த ஆண்டின் 15 பந்தயங்களில் 12-ஐ வென்றார். ஆக, பிடிமானம் இன்ஜினுக்குள் மட்டும் இல்லை. ஓட்டுபவரின் வலக்கையிலும் இருக்கிறது.

"அப்படியானால் மோட்டோகிராஸில் ஃபோர்-ஸ்ட்ரோக் ஏன் ஜெயித்தது?" என்று கேட்கலாம். 1997-ல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வென்றார். அடுத்த ஆண்டே ஒய்இசட்400எஃப் விற்பனைக்கு வந்தது. அந்த வண்டிகளின் மென்மையான இழுவை உண்மைதான். ஆனால் விதிப்புத்தகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டாமா? 250 டூ-ஸ்ட்ரோக்கோடு 450 ஃபோர்-ஸ்ட்ரோக்கும், 125 டூ-ஸ்ட்ரோக்கோடு 250 ஃபோர்-ஸ்ட்ரோக்கும் ஒரே பிரிவில் மோத விதி இடம் கொடுத்தது. ஒருவனுக்கு ஒரு இலை, இன்னொருவனுக்கு இரண்டு இலை போட்டுவிட்டு, யார் அதிகம் சாப்பிட்டார் என்று போட்டி வைத்த கதை. அந்த நிலையிலும் 2004-ல் சாட் ரீட் ஒய்இசட்250-லும், 2005-ல் ரிக்கி கார்மைக்கேல் ஆர்எம்250-லும் அமெரிக்க சூப்பர்கிராஸ் பட்டத்தை வென்றார்கள். இரண்டும் டூ-ஸ்ட்ரோக். பிடிமானமே கிடைக்காத வண்டியில் பட்டம் எப்படிக் கிடைத்தது?

அப்படியானால் என்ன செய்வது?

பைப் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை ஒரு வரிசையில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசே தேவையில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் விளம்பரம் செய்வதில்லை!

முதலில் டயர். பட்டன்களின் முன்விளிம்பு மழுங்கிப் போயிருந்தால் வேறு எதைப் பேசியும் பயனில்லை. இளகிய மண்ணுக்கு இடைவெளி விட்ட உயரமான பட்டன், இறுகிய தரைக்கு நெருக்கமான குட்டைப் பட்டன். இளமண் டயரை இறுகிய தரையில் ஓட்டினால் பட்டன்கள் வளைந்து மடங்கும், பிடிக்காது. அடுத்தது காற்று. மோட்டோகிராஸ் டயருக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. என்பது பொதுவான அளவு. சாலை வண்டிப் பழக்கத்தில் 20, 25 அடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட டயர் கல்மேல் பந்து மாதிரி துள்ளும். ஒரேயடியாகக் குறைத்தாலும் ட்யூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். ரிம்லாக் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு நல்ல காற்றுமானியின் விலை, பைப் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

இரண்டாவது, 'சேக்'. அதாவது வண்டி அமுங்கும் அளவு. ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தரையைத் தொடாத நிலையில், அச்சில் இருந்து மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். 600 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுபவர் முழுக் கவசத்தோடு ஏறி உட்கார, இன்னொருவர் அதே இடத்தை அளக்க வேண்டும். அது 500 வந்தால் சேக் 100 மி.மீ. பெரிய வண்டிகளுக்கு இதை ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஆளில்லாமல் வண்டி தன் எடையில் மட்டும் 30 முதல் 40 மி.மீ. அமுங்க வேண்டும். ஆளோடு 100 சரியாக வந்து, ஆளில்லாமல் அமுங்கவே மறுத்தால், ஸ்பிரிங் அந்த ஓட்டுநரின் எடைக்கு மெலிதானது. அதை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். எதற்கு இந்தப் பாடு? பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க இந்த 100 மி.மீ. வேண்டும். அமுங்காத வண்டியின் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் காற்றில் தொங்கும்.

மூன்றாவது, ரீபவுண்ட். ஷாக் அப்சார்பர் அமுங்கிய பிறகு திரும்பி வரும் வேகம். மிக மெதுவாக வந்தால் அடுத்தடுத்த சிறு மேடுகளில் சக்கரம் இறங்க நேரமில்லாமல் மேலேயே தங்கிவிடும். மிக வேகமாக வந்தால் வண்டி பின்னால் உதைக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர், இரண்டு இரண்டு கிளிக், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரண்டு சுற்று. இதற்குத் தேவைப்படுவது பொறுமை மட்டுமே.

நான்காவது, விசை வந்து சேரும் விதம். முன் ஸ்பிராக்கெட்டில் 13-க்குப் பதில் 14 பல் போட்டால் கியரிங் கிட்டத்தட்ட 8 சதவீதம் நீளும். பின்னால் 50 பல் இருக்கும் வண்டியில் மூன்று, நான்கு பல் குறைத்ததற்குச் சமம். இன்ஜின் நிதானமாக ஏறும், சக்கரம் சட்டென்று உடையாது. அதையும் வாங்க மனமில்லையா? வளைவை இரண்டாவது கியருக்குப் பதில் மூன்றாவதில் எடுத்துப் பாருங்கள். கார்புரேட்டர் கீழ்ப்பகுதியில் பெட்ரோல் அதிகமாகக் குடித்துத் திணறிக்கொண்டிருந்து, பிறகு ஒரேயடியாகத் தெளிந்து பாய்வதும் சக்கரம் சுற்றுவதற்குக் காரணம். ஜெட்டையும் ஊசியையும் சரியாக வைத்தாலே பாதி முரட்டுத்தனம் அடங்கும். கேடிஎம் பல ஆண்டுகளாகத் தன் 250, 300 டூ-ஸ்ட்ரோக்குகளின் பவர் வால்வுக்கு மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று ஸ்பிரிங்குகளை வைத்திருந்தது. பச்சை சாது, சிவப்பு முரடு. ஒரு சின்ன ஸ்பிரிங் இன்ஜினின் குணத்தையே மாற்றியது. 2023 மாடலில் இருந்து அதே நிறுவனம் தன் மோட்டோகிராஸ் டூ-ஸ்ட்ரோக்குகளில் ஃபியூல் இன்ஜெக்‌ஷனும் எலக்ட்ரானிக் பவர் வால்வும் வைத்து, அந்த வேலையை ஒரு பொத்தானிடம் ஒப்படைத்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஃப்ளைவீலுக்குக் கூடுதல் எடை வாங்கலாம். சில நூறு கிராம் எடை, இன்ஜின் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும். இன்ஜின் முன்போல் விருட்டென்று ஏறாது என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

கடைசியாக, ஆனால் முதலில் வந்திருக்க வேண்டியது: ஓட்டுபவர். வளைவில் சீட்டின் முன்பகுதியில் உட்கார்ந்து, வெளிப்பக்கக் கால்பெடலை அழுத்தி, ஆக்சிலேட்டரைப் பிடுங்காமல் உருட்டித் திறப்பது. சக்கரம் சுற்றினால் ஆக்சிலேட்டரை முழுக்க விடாமல் பின்பிரேக்கை லேசாகத் தொட்டு அடக்குவது. எல்லோரும் ஓடி வழவழப்பாக்கிய தடத்தை விட்டு, ஒரு கைப்பிடி அகலம் தள்ளிக் கிடக்கும் ஈரமண்ணைத் தேடுவது. இவற்றை எந்தக் கடையிலும் பாக்கெட்டில் அடைத்து விற்பதில்லை.

"பெரிய வீரர்கள் பைப் மாட்டவில்லையா?"

மாட்டுகிறார்கள். ஆனால் சஸ்பென்ஷனைப் பார்க்க ஒரு ஆள், இன்ஜினைப் பார்க்க ஒரு ஆள், டயருக்கு ஒரு ஆள் என்று மேலே சொன்ன எல்லாவற்றையும் முடித்த பிறகு மாட்டுகிறார்கள். அஸ்திவாரம் போட்டவன் மாடி கட்டுவதைப் பார்த்து, அஸ்திவாரம் இல்லாதவனும் மாடியில் இருந்து ஆரம்பிக்கலாமா? ஆழமான மணல் தடத்திலும், 125 சிசி வண்டியிலும் கூடுதல் திறன் உண்மையாகவே உதவும். அங்கே நோய் வேறு, மருந்தும் வேறு. 250-இல் வளைவுக்கு வளைவு வால் ஆட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. மோட்டோகிராஸ் காசுள்ளவர்களின் விளையாட்டு. அதற்குள் காசில்லாத வீட்டுப் பையன் நுழைய இருக்கும் வாசல்களில் ஒன்று பழைய டூ-ஸ்ட்ரோக். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்தால் ஒரு மாலையில் வீட்டுத் திண்ணையிலேயே மாற்றிவிடலாம். வால்வு, கேம், டைமிங் செயின் என்று ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் கேட்கும் செலவை அந்த வீடு தாங்காது. அந்தப் பையனிடம் போய் ஒருவர் "பைப் வாங்கு" என்கிறார், இன்னொருவர் "இந்த வண்டியே ஆகாது, ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கு" என்கிறார். முதல் பேச்சைக் கேட்டால் ஒரு பருவத்துக்கான டயர் காசு போகும். அதோடு, மேட்டின் முகத்தில் சக்கரம் சட்டென்று சுற்றி வண்டி குறுக்கே திரும்பினால் கழுத்துப்பட்டை எலும்பும் போகும். இரண்டாவது பேச்சைக் கேட்டால் விளையாட்டே போகும்.

அவனிடம் சொல்ல வேண்டியது வேறு. ஒரு அளவு நாடா, ஒரு காற்றுமானி, ஒரு ஸ்க்ரூடிரைவர், கூடவே அளந்து சொல்ல ஒரு நண்பன். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் பார்க்கட்டும். திங்கட்கிழமையும் பைப் வாங்கத் தோன்றினால் தாராளமாக வாங்கட்டும்.

பெரும்பாலும் தோன்றாது.